கலையரசன் நூற்று நாற்பத்து மூன்று முறை வந்தான்

சிவசங்கர் சார் ஷூ போடுகிறவர், அதுவும் கயிறு கட்டுகிற ஷூ. எங்கள் கல்லூரி நூலகத்துக்குள் யார் வந்தாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். முதல்வர் அம்மாவே அப்படித்தான் வருவார். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டுவதற்கு அலுத்துக்கொண்டு சார் ஏழு வருடமாக உள்ளே கால் வைத்ததில்லை. அப்படிப்பட்டவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்த தலைப்பு, ‘கல்லூரி நூலகப் பயன்பாடும் மாணவர் கற்றலும்’. கேள்விப்பட்ட அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிக்க நேரம் கிடைக்கவில்லை.

நான் ருக்ஷானா. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற சாலையில் இருக்கிற கலை அறிவியல் கல்லூரியில் பதினொரு வருடமாக நூலகர். என் மாமனார் வீட்டில் எல்லோரும் கடை வைத்திருக்கிறவர்கள். “குடுத்த சாமான திருப்பி வாங்கிக்கினா அது இன்னாம்மா பொழப்பு” என்று மாமனார் இன்றைக்கும் கேட்கிறார். நானும் பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன்.

சிவசங்கர் சார் புள்ளியியல் துறை. நூலக வாசலில் மாணவர்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுகிற வருகைப் பதிவேடுகள் மூன்றையும் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார். யார் எத்தனை நாள் வந்தார்கள், அவர்கள் என்ன மதிப்பெண் எடுத்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஆய்வு. எங்கள் முதல்வர் விஜயலட்சுமி அம்மாவுக்கு இதில் பெரிய ஆர்வம். கல்லூரி மூன்றேகால் மணிக்கு விடும், நூலகம் ஐந்தரை வரை திறந்திருக்கும். அந்த இரண்டேகால் மணி நேரம் நூலகக் கூடத்தை வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவருடைய நெடுநாள் யோசனை.

“ஆராய்ச்சி முடிவு வரட்டும் ருக்ஷானா” என்றார். “பசங்களுக்கு நூலகத்தால நன்மைன்னு வந்தா இப்படியே விட்டுடலாம். இல்லன்னா அடுத்து வர்ற திங்கக்கிழமைலேர்ந்து மூணேகாலுக்குப் பூட்டிடுங்க.”

எனக்குத் துளியும் பயமில்லை. சாயங்காலம் யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். பதிவேட்டைப் பார்த்து அல்ல, செருப்பைப் பார்த்து. இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தால் அது செந்தமிழ்ச்செல்வி. மூன்றாம் ஆண்டு வேதியியல். மூன்றரை மணி டவுன் பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு, ஐந்து நாற்பது பஸ் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “வூட்டுக்குப் போனா மாடு, கண்ணு, அடுப்பு. புக்க தொறந்தா போதும் மேடம், ஒரு வேல வந்து நிக்கும்” என்றாள். அவளைப் போல முப்பது முப்பத்தைந்து பேர் தினமும் வருவார்கள்.

ஆனால் பதிவேடு வேறு கதை. அதை இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும்.

போன வருடம் கல்லூரியைத் தர ஆய்வு செய்ய ஒரு குழு வந்தது. அதில் ஒருவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, வருகை கம்மி என்று உதட்டைப் பிதுக்கினார். கம்மியாகத்தான் இருக்கும். தினமும் வருகிறவர்கள் கையெழுத்துப் போடமாட்டார்கள். கேட்டால், “நம்ம வூட்டுக்கு வர்றதுக்கு யாரு மேடம் கையெழுத்துப் போடுவாங்க” என்பார்கள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது, குழுவுக்குப் பிடிக்கவில்லை. முதல்வர் என்னை அழைத்து அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். மறுநாள் சாயங்காலம் நானே பேனாவை எடுத்தேன்.

யார் பெயரை எழுதுவது? செமஸ்டருக்கு முப்பது நாள் நூலகம் வந்தவர்களுக்கு அகமதிப்பீட்டில் ஐந்து மதிப்பெண் உண்டு என்று ஒரு விதி இருந்தது. நன்றாகப் படிக்கிறவர்களுக்கு அந்த ஐந்து இல்லாமலே மதிப்பெண் நிரம்பிவிடும். முக்கி முனகி நிற்கிறவர்களுக்குப் போட்டால் ஒரு பேப்பராவது தேறுமே என்று தோன்றியது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அரியர் பட்டியலைப் பார்த்து எழுத ஆரம்பித்தேன். தினமும் அறுபது எழுபது பெயர். நீலப் பேனாவில் கொஞ்சம், கறுப்பில் கொஞ்சம், சாய்த்துக் கொஞ்சம், இடது கையால் பத்து. அதில் ஒரு தனித் திறமையே வந்துவிட்டது. தினமும் முதல் பெயர் கலையரசன், இரண்டாம் ஆண்டு வரலாறு, ஐந்து அரியர். அந்தப் பெயரை எழுதினால் கை ஓட ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான் காரணம். அவன் கறுப்பா சிவப்பா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை சிவசங்கர் சார் மடிக்கணினியோடு நூலக வாசலில் வந்து நின்றார். ஷூவைக் கழற்றவில்லை. என்னை வெளியே கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“மேடம், பெரிய விஷயம் ஒண்ணு கெடச்சிருக்கு. லைப்ரரிக்கு வர வர மார்க் கொறையுது.”

“இன்னா சார் சொல்றீங்க?”

“நான் சொல்லல, டேட்டா சொல்லுது. தெனம் வர்றவன் அஞ்சு அரியர் வச்சிருக்கான். இந்தப் பக்கமே வராதவன் டிஸ்டிங்ஷன் வாங்கிக்கினு இருக்கான். மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன்.”

திரையைத் திருப்பிக் காட்டினார். மேலே தொடங்கிய கோடு, மலையிலிருந்து இறங்குகிற பஸ் மாதிரி கீழே வந்துகொண்டிருந்தது. உலகத்தில் எங்குமே யாரும் இப்படி ஒரு முடிவைக் கண்டதில்லை என்றார். அதிகம் புத்தகம் பார்த்தால் மனம் குழம்பும் என்று அதற்கு ஒரு கோட்பாடும் தயாராக வைத்திருந்தார். அவரைத் திட்டவும் வழியில்லை. அந்தக் கோட்டில் இருந்த அத்தனை பெயரும் நான் எழுதியது.

“பிரின்சிபால் மேடத்துகிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கெழம கருத்தரங்குல வச்சுடறேன். அப்ப சாயங்காலம் மூடறதுதான் பசங்களுக்கு நல்லதுன்னாங்க” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வியாழக்கிழமை ஒரு நேர்காணல் வேண்டும் என்றார். அதிக நாள் வந்த மாணவனை நூலகத்திலேயே உட்காரவைத்துக் கேள்வி கேட்கவேண்டுமாம். நூற்று நாற்பத்து மூன்று நாள் வந்த கலையரசனுக்கு ஆள் போனது.

சார் அன்றைக்கு முதன்முறையாக ஷூவைக் கழற்றினார். வலது காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவர் மேசைக்கடியில் காலை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்த நேரத்தில் கலையரசன் வந்தான். நெட்டையான பையன், கையில் பஸ் பாஸ். செருப்புக் காலோடு நேராக உள்ளே நடந்து வந்தான். படித்துக்கொண்டிருந்த எல்லோரும் தலையைத் தூக்கி அவன் காலைப் பார்த்தார்கள். ஒரு நாள் வந்தவனுக்குக்கூடத் தெரியும் செருப்பை எங்கே விடவேண்டும் என்று. சார் மட்டும் அதைக் கவனிக்கவில்லை.

“தம்பி, இத்தினி நாள் வந்திருக்க. இங்க ஒனக்கு இன்னா புடிக்கும்?”

கலையரசன் அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த நூலகத்தில் அவன் முதன்முதலாகப் படித்தது என் முகத்தைத்தான்.

“அமைதி சார்” என்றான்.

“எந்த எடத்துல ஒக்காருவ?”

மூலையில் பூட்டியிருந்த இரும்பு பீரோவைக் காட்டினான். “அதும் பக்கத்துல சார். எனக்கு வேண்டியதெல்லாம் அதுலதான் இருக்குது.”

“அவ்ளோ படிச்சும் ஏன் மார்க் வரல?”

“நான் படிக்கறத கேக்க மாட்டேன்றாங்க சார்.”

பாடத்திட்டத்துக்கும் நூலகத்துக்கும் இடையில் விரிசல் இருப்பதாக சார் ஆசையாக எழுதிக்கொண்டார்.

அவர் வாசலில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டு போகும்வரை கலையரசன் அசையாமல் நின்றான். பிறகு என் மேசைக்கு வந்தான்.

“மேடம், நாலு மணிக்கு மூணு பேஸ் கரண்டு வரும். கரும்புக்கு மோட்டார் போடணும். மூணர பஸ்ஸ நான் ஒரு நாளும் வுட்டதில்ல. நான் எப்ப மேடம் இங்க வந்தேன்?”

மறைக்கத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தான். அப்போதுதான் செருப்பைக் கவனித்தான் போல, ஓரமாக நகர்ந்து நின்றான்.

“போன செமஸ்டர்ல ஒரு பேப்பரு நாலு மார்க்குல தேறிச்சு. வூட்ல கறி எடுத்தாங்க. அது நீங்க போட்டதுதானா?” என்றான். “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பயப்படாதீங்க மேடம்.”

பத்தொன்பது வயதுப் பையன் என்னைப் பயப்படாதே என்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும், திங்கட்கிழமை கூடம் போய்விடும். பேசினால் கூடம் தப்பலாம், என் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. அன்று மூடுகிற நேரத்தில் செந்தமிழ்ச்செல்வி வந்து, “இனிமே சாயங்காலம் தொறக்க மாட்டாங்களாமே மேடம்” என்றாள். “பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து படிச்சுக்கலாம். சத்தந்தான் ஜாஸ்தி.” புகார் மாதிரிகூட அவள் சொல்லவில்லை. வாசலுக்குப் போய் ஊக்கு குத்திய செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் சார் அந்தக் கோட்டைத் திரையில் போட்டார். முன்வரிசையில் முதல்வர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கேள்வி ஏதாவது உண்டா என்று சார் கேட்டதும் நான் எழுந்தேன்.

“அந்தப் பேரெல்லாம் நான் எழுதினது” என்றேன்.

முதல்வரின் தலையாட்டல் நின்றது.

“எத்தினி பேரு மேடம்?” என்றார் சார்.

“தெனம் அறுவது எழுவது.”

“எவ்ளோ நாளா?”

“நீங்க எடுத்துக்கினு போன மூணு ரிஜிஸ்டர்லயும் இருக்கு.”

அவர் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும், அன்று வரவில்லை. பாவமாக இருந்தது.

முதல்வர் எழுந்து திரும்பினார். “அப்ப நான் எதத்தான் நம்பறது ருக்ஷானா?”

“நாலரைக்கு வாங்க மேடம். வாசல்ல இருக்கற செருப்ப எண்ணுங்க. செருப்ப நான் எழுத முடியாது.”

நம்பி வருவார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நாலரைக்குச் சரியாக வந்தார். ஒருமுறை எண்ணினார், முப்பத்தைந்து. மறுமுறை எண்ணினார், அப்போதும் முப்பத்தைந்து. அதில் ஒரு ஜோடி அவருடையது என்று நான் சொன்னதும் முப்பத்து நான்கு ஆனது. எது யாருடையது என்று கேட்டார். ஒவ்வொன்றாகப் பெயர், துறை, ஊர் சொன்னேன். சந்தேகப்பட்டு உள்ளே போய் ஐந்தாறு பேரைக் கேட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. ஒருவன் மட்டும் புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவனையும் எண்ணிக்கொண்டார்.

எனக்கு மெமோ கிடைத்தது. இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தேன், இந்த முறை என் சொந்தக் கையெழுத்தில். நூலக வருகைக்கு ஐந்து மதிப்பெண் என்ற விதியே எடுக்கப்பட்டது. முன்பு போட்டதைத் தோண்டினால் கல்லூரியின் மானமும் சேர்ந்து போகும் என்பதால் அதை யாரும் தொடவில்லை. சாயங்கால நேரம் ஒரு வருடத்துக்குத் தொடரும், ஒழுங்கான ஆய்வு வந்தபிறகு முடிவு செய்யலாம் என்றார் முதல்வர்.

சிவசங்கர் சார் பத்து நாள் என்னோடு பேசவில்லை. பதினோராவது நாள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். அதைக் கழற்றிவிட்டு, வாசலை ஒட்டி உள்பக்கமாக ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். பதிவேடும் அவர் மடியில்தான்.

“இந்தப் பக்கம் நீங்க வரக்கூடாது மேடம். பேனா கூட வேணாம்” என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், மூன்றரை பஸ் போன பிறகு, வாசலில் ஒரு நெட்டை உருவம் நின்றது. கலையரசன். செருப்பைக் கழற்றி வரிசையின் கடைசியில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தான். மோட்டார் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“இந்த வாரம் கரண்டு காலைல வுடறாங்க மேடம்” என்றான். மூலைப் பக்கம் திரும்பினான். “அன்னிக்குக் காமிச்சனே, அந்த பீரோவுல இன்னாதான் மேடம் இருக்குது?”

சாவியை எடுத்துத் திறந்தேன். பத்து வருடத்துப் பல்கலைக்கழகக் கேள்வித்தாள்கள், பாடவாரியாகக் கட்டி வைத்தது. வரலாற்றுக் கட்டை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவன் நின்றபடியே நாலைந்து தாளைப் புரட்டினான்.

“வேண்டியதெல்லாம் இதுல இருக்குன்னு சும்மாதான் சொன்னேன் மேடம்” என்றான்.

பீரோ பக்கத்திலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். வாசலில் இருந்து சார் பதிவேட்டை நீட்டினார். “தம்பி, பேர எழுதிட்டு ஒரு கையெழுத்து.”

கலையரசன் தலையைத் தூக்கவில்லை. “வேணாம் சார். நான் ஏற்கெனவே ஜாஸ்தி வந்துட்டேன்.”

சார் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன், பேனா இல்லை. அவர் பதிவேட்டை மூடிவிட்டு வாசலில் குனிந்து, வரிசையின் கடைசியில் இருந்த ஜோடியை விரலால் தொட்டு எண்ணினார்.

“முப்பத்தஞ்சு” என்றார்.