கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரலை

சிறகு விரித்து நின்ற கல் தேவதையின் தோளில் கை போட்டுக்கொண்டு குருநாதன் மஃப்ளரைச் சரிசெய்தார். பழனியில் அவர் சொந்தபந்தச் சங்கத்துக்குத் தலைவர். எங்கே போனாலும் செல்போனில் நேரலை போடாமல் திரும்பமாட்டார்.

"வணக்கம் உறவுகளே! கொடைக்கானல் வெள்ளைக்காரங்க கல்லறைத் தோட்டத்துல இருந்து பேசுறேன். இங்க படுத்திருக்கவரு மாபெரும் தளபதி."

கல்லில் பாசி மூடிப் பெயரே தெரியவில்லை. அவர் இதுவரை காட்டிய கல்லறைகளில் எல்லாம் தளபதிகளே படுத்திருந்தார்கள். இரண்டு முழ நீளமே இருந்த ஒன்றுக்கு மட்டும் இளந்தளபதி என்று பட்டம் கொடுத்திருந்தார்.

தங்கை ஜோதிமணிக்குச் சிரிப்பு வரவில்லை. தை மாதம் அம்மா பாப்பம்மாளைப் புதைக்கக் கொண்டுபோனபோது, "பொம்பளைக மயானத்துல கால் வைக்கக் கூடாது, நம்ம வழக்கம்" என்று தெருமுனையிலேயே எல்லாப் பெண்களையும் திருப்பி அனுப்பியவர் இதே அண்ணன்தான். அதன்பிறகு இடத்தையாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டாள். ஒவ்வொரு முறையும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார். பெற்றவள் எந்த மண்ணுக்குள் கிடக்கிறாள் என்று மகளுக்குத் தெரியாது. யாரென்றே தெரியாத வெள்ளைக்காரர்களுக்கு நடுவே பனி ஈரத்தில் நின்றுகொண்டிருக்கிறாள்.

"ஏத்தா ஜோதி, ஒங்க மதினியக் கூட்டிக்கிட்டு வா. கல்லறை மேல பூவ வச்சுட்டு நில்லுங்க. குடும்பமா இருந்தாத்தான் பாக்க நல்லாருக்கும்."

ஜோதிமணியும் மதினி அழகம்மாளும் பூ வைத்து நின்றார்கள். திரையில் ஒரு கருத்து வந்து விழுந்தது. எது வந்தாலும் உரக்கப் படித்துவிடுவது குருநாதனின் பழக்கம்.

"மயில்சாமி சித்தப்பா கேக்குறாரு... 'தலைவரே, பொம்பளையாளுகளுக்கு மயானத்துல என்ன சோலி?'"

படித்து முடித்த பிறகுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. சங்கமே பார்த்துக்கொண்டிருக்கிறது. தொண்டையைச் செருமினார்.

"காலம் மாறிருச்சு சித்தப்பா! மயானம்ங்கிறது வரலாறு. வரலாத்துல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன? எங்க வீட்டுப் பொம்பளைகள நான் தடுத்ததே கெடையாது!"

திரையில் இதயங்கள் பறந்தன. ஜோதிமணி அண்ணனை இடித்துக்கொண்டு படத்துக்குள் வந்தாள்.

"கேட்டுக்கிட்டீங்களா சித்தப்பா? அண்ணனே சொல்லிட்டாரு. சாயங்காலம் நானும் மதினியும் அம்மாவப் பாக்க மயானத்துக்குப் போறோம். வாரவுக எல்லாரும் வாங்க."

குருநாதன் பல்லை மட்டும் காட்டினார். அழகம்மாள் குனிந்து நாத்தனாரின் காதில் சொன்னாள்: "கடைசித் தளபதியும் சாஞ்சுட்டாரு ஜோதி."

மலை இறங்கும்போது வேனின் முன்சீட்டிலிருந்து அவர் முனகினார். "நேரலையில பேசுறது வேற, ஊரு வழக்கம் வேற."

"அப்ப அதையும் நேரலையில சொல்லிருங்கண்ணே. இங்க சிக்னல் நல்லாத்தான் இருக்கு."

பழனி வரைக்கும் அவர் பள்ளத்தாக்கையே ரசித்துக்கொண்டு வந்தார்.

மயானத்து வாசலில் வேன் நிற்பதற்கு முன்பே பத்திருபது பெண்கள் கூடி நின்றார்கள். முன்னால் நின்றவள் மயில்சாமி சித்தப்பாவின் பெண்சாதியேதான். "வெரசா வாத்தா, இருட்டிரப் போகுது. எம் மாமியாளும் உள்ளதான் கெடக்கா, ஒருநாளும் பாத்ததில்ல." யாருக்கும் உள்ளே வழி தெரியவில்லை. எல்லோரும் குருநாதனைப் பார்த்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் முன்னே நடந்தார்.

எருக்கஞ்செடிகளை விலக்கிக்கொண்டு, பச்சையும் அரக்குமாகச் சேலைகள் அவருக்குப் பின்னால் வரிசையாய் உள்ளே போயின. வாசலில் இன்னொரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது.