மணல்திட்டின் வடமுனை

பொக்லைன் வண்டி பட்டினப்பாக்கம் மணலில் இறங்கியபோது ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. கடல் ஆற்றுக்குள் ஏறி வரும் அந்த நேரத்தில் அடையாற்று முகத்துவாரத்தின் சேறு முழுக்க மூழ்கிவிடும். சேற்றில் இரை பொறுக்கிக்கொண்டிருந்த உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் எழும்பி வந்து மணல்திட்டின் வடமுனையில் இறங்கும். காற்றுக்கு முகம் கொடுத்து ஒற்றைக் காலில் நின்று தூங்கும். அன்றைக்கு முந்நூற்றுச் சொச்சம் இருந்தன. சுந்தரவல்லி விசிலை ஊதிக்கொண்டே வண்டிக்கு எதிரே ஓடினாள்.

பறவைகளைக் காப்பதற்கென்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு போன வருஷத்திலிருந்து அவளைக் காவலுக்கு வைத்திருந்தது. முதுகில் பறவை வரைந்த நீலக் கோட்டும் விசிலும் மூங்கில் கழியும் கொடுத்தார்கள். திட்டைச் சுற்றிக் கயிறு கட்டி, துணிக்கொடிகள் தொங்கவிட்டு, ஐப்பசியிலிருந்து பங்குனி வரை நாய்களையும் செல்ஃபி எடுக்க வருபவர்களையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். சைதாப்பேட்டையில் ஆற்றை ஒட்டி இருந்த அவள் வீடு பெருவெள்ளத்தில் போனது. அதற்குப் பிறகுதான் அந்த வரிசையையே காலி செய்து பெரும்பாக்கத்து அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். பக்கத்து வரிசையில் இருந்த தங்கை சீதாவின் வீட்டைக் காலி செய்ய மட்டும் இன்னும் ஆள் வரவில்லை.

வண்டி நின்றது. ஓட்டி வந்தவன் கதிரேசன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இறங்கி வந்து ஒரு தாளை நீட்டினான்.

"இன்னாப்பா இது? பறவைங்க நிக்கிற எடம்பா. கொடி கட்டிகீது, தெரியல?"

"தெரியுதுக்கா. முகத்துவாரத்தை அகலமா வெட்டணும்னு உத்தரவு. எனக்குச் சொன்னதைத்தான் செய்யுதேன்."

சுந்தரவல்லி ஷண்முகப்ரியாவுக்கு போன் செய்தாள். ஆழ்வார்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே அந்த அமைப்பை நடத்துகிற பெண் அவள். இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டரில் வந்துவிட்டாள். வேலைக்குப் பொறுப்பான பொறியாளரும் வந்தார். ஷண்முகப்ரியா பேசப் பேசக் குறுக்கிடாமல் கேட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் சங்கடமாக இருந்தது.

"நீங்க சொல்றது புரியுதும்மா. சைபீரியாவிலேர்ந்து வருது, ஓய்வு எடுக்க வேற எடம் இல்ல, எல்லாம் சரி. ஆனா முக்கால்வாசி வாய் மணல் அடைச்சிருக்கு. நாலு நாள்ல பெரிய மழைங்கறாங்க. மேல இருக்கிற ஏரியைத் திறந்தா தண்ணி கடலுக்குப் போக வழி வேணும். போகலைன்னா சைதாப்பேட்டை வரைக்கும் ஏறும்."

சைதாப்பேட்டை என்றதும் சுந்தரவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். 

ஒரு மணி நேரம் பேசி, தெற்கிலிருந்து வெட்டிக்கொண்டு வருவது, வடமுனையில் முப்பதடி அகலத்துக்கு இப்போதைக்குக் கை வைப்பதில்லை என்று முடிவானது. கதிரேசன் வண்டியின் கையை நீட்டி மணலில் ஒரு கோடு இழுத்தான். சுந்தரவல்லி கயிற்றை அவிழ்த்து அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து கட்டினாள்.

இரண்டு நாள் வேலை நடந்தது. சத்தத்துக்குப் பறவைகள் எழுந்து எழுந்து சுற்றின. ஆனாலும் ஓதம் ஏறினால் அந்த முப்பதடிக்குத்தான் வந்தன. சந்தைக் கூட்டம் மாதிரி நெருக்கியடித்து நின்றன. கயிற்றுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் மூன்று முழ தூரத்தில்கூட பயப்படாமல் அலகை முதுகில் செருகிக்கொண்டன. அவள் போட்டிருந்த நீலக் கோட்டை அவற்றுக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் ஓதம் உச்சத்துக்கு வந்தபோது கதிரேசன் தானாகவே இன்ஜினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு டப்பாவோடு வந்து உட்கார்ந்தான்.

"இம்புட்டுக்காணு இருக்கு. இது எப்படிக்கா கடலைத் தாண்டி வரும்?"

"வருதே. எனக்கு அந்தப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். வரும்போது ஒடம்புல பாதி கரைஞ்சிடுமாம். திரும்பிப் போறதுக்குள்ள தின்னு தூங்கி ஒடம்பைத் தேத்திக்கணும். சும்மா சும்மா பறக்க வெச்சா, தின்னதெல்லாம் அதுலயே போயிடும்."

அவன் டப்பாவை மெதுவாக மூடினான்.

மூன்றாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. இந்த மழையில் யார் வரப்போகிறார்கள் என்று தோன்றினாலும் சுந்தரவல்லி வந்துவிட்டாள். பத்து மணிக்கு ஏரியைத் திறந்துவிட்ட செய்தி வந்தது. ஆற்று நீர் கலங்கிய டீ நிறத்தில் குப்பையும் ஆகாயத்தாமரையும் அடித்துக்கொண்டு வந்து, புதிதாக வெட்டிய வாயில் முட்டிச் சுழன்றது. கடலும் ஏறிக்கொண்டிருந்தது. பறவைகள் வடமுனையில் மழையில் ஒடுங்கி நின்றன.

கதிரேசனின் போன் அடித்தது. பேசிவிட்டு அவளிடம் வந்தான். "இன்ஜினீயரு அந்த முப்பதடியையும் எடுத்துரச் சொல்லுதாருக்கா."

அவள் ஷண்முகப்ரியாவைக் கூப்பிட்டாள். "அரை மணி நேரம் தாக்குப் பிடிங்கக்கா, ஓதம் இறங்கட்டும், பறவைங்க தானா சேத்துக்குப் போயிடும். நான் மேல பேசிக்கிட்டே வரேன்" என்றாள் அவள். குரலுக்குப் பின்னால் ஹாரன் சத்தம்.

"அந்த முப்பதடியை எடுத்தா தண்ணி வடிஞ்சிடுமா தம்பி?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? எடுத்தா வாய் அகலமாவும். எடுக்கலைன்னாலும் போவும், மெதுவாப் போவும்." கொஞ்சம் தயங்கினான். "வேணும்னா இன்ஜின் மக்கர் பண்ணுதுன்னு சொல்லிப் பாக்கேன். அரை மணி நேரம்தானே."

சரி என்று சொல்ல அவள் வாயெடுத்தபோது சீதாவின் போன் வந்தது.

"யக்கா, தண்ணி வாசப்படிக்கு வந்துட்டுதுக்கா. மாமியாரால எழுந்துக்க முடியல. அவரு வேலைக்குப் போயிட்டாரு. ஆளுங்களை ஏத்தினு போற போட்டு இன்னும் வரல. நான் இன்னா பண்ணுவேன்?"

"கட்டில் மேல கட்டிலைப் போடு. புள்ளைங்களை மாடி வூட்டுக்கு அனுப்பு. அழாத" என்றாள் சுந்தரவல்லி. போன் அதற்குள் துண்டித்துக்கொண்டது. மறுபடி அடித்தாள். கிடைக்கவில்லை. பெருவெள்ளத்தில் சுந்தரவல்லியின் வீட்டுக்குள் தண்ணீர் வந்த நாளும் இப்படித்தான், முதலில் படி, பிறகு அடுப்பு, பிறகு கழுத்து.

"எடுத்துடு நைனா" என்றாள்.

கதிரேசன் வண்டியில் ஏறினான். கயிறு வரை வந்து நின்றுவிட்டான். கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினான். பறவைகள் நகரவில்லை.

"நீங்களே ஓட்டி விட்டுருங்கக்கா. இதுங்க மேல என்னால ஏத்த முடியாது."

சுந்தரவல்லி கயிற்றைத் தாண்டினாள். அவள் இதுவரை யாரையும் தாண்டவிடாத கயிறு. அவள் நடந்தாள், அவை நாலடி தள்ளி ஓடி நின்றன. நீலக் கோட்டைப் பார்த்துப் பழகியவை. விசில் ஊதினாள். ஒன்றிரண்டு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி அலகைச் செருகிக்கொண்டன. அந்த விசில் நாய்களுக்கானது, தங்களுக்கானது இல்லை என்று அவை பழகியிருந்தன. கடைசியில் அவள் கழியை ஓங்கிக்கொண்டு, வாயில் வந்ததைக் கத்திக்கொண்டு, மழையில் அவற்றின் நடுவே ஓடினாள். மொத்தமும் ஒரே வீச்சில் எழும்பியது.

வண்டி உள்ளே வந்தது. நாலைந்து வாளி அள்ளுவதற்குள் தண்ணீரே மீதி மணலை அரித்துத் தின்ன ஆரம்பித்தது. பறவைகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பழைய இடத்தைத் தேடின. குவித்துப் போட்டிருந்த ஈர மணல்மேட்டில் கொஞ்சம் இறங்கின. அங்கே நாய்கள் ஓடின. அவள் கழியோடு அங்கே போவதற்குள் மறுபடி எழும்பிவிட்டன. இன்னும் இரண்டு சுற்று. பிறகு கடல் பக்கம் திரும்பின. மழைக்குள் எந்தத் திசையில் போயின என்று அவளால் பார்க்க முடியவில்லை.

ஷண்முகப்ரியா சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"யார் எடுக்கச் சொன்னது?"

கதிரேசன் வேறு பக்கம் பார்த்தான்.

"நான்தாம்மா" என்றாள் சுந்தரவல்லி. காரணத்தையும் சொன்னாள்.

 ஷண்முகப்ரியா கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது சுந்தரவல்லிக்கு. "நீங்க முதல்ல தங்கச்சி வீட்டுக்குப் போங்கக்கா" என்றுதான் சொன்னாள்.

வழியெல்லாம் தண்ணீர். அன்றைக்கு அவளால் சைதாப்பேட்டைப் பாலம் வரைதான் போக முடிந்தது. மறுநாள் மதியம் சீதாவின் வீட்டுக்குள் போனாள். தண்ணீர் இரண்டு சாண் ஏறி இறங்கியிருந்தது. மாமியாரை எதிர்வீட்டுப் பையன்கள் தூக்கிக்கொண்டு போய் மாடியில் வைத்திருந்தார்கள். திட்டை எடுத்ததால் வடிந்ததா, மேலே மதகை இறக்கியதால் வடிந்ததா என்று யாருக்கும் தெரியாது. கேட்கவும் ஆளில்லை. அக்காவும் தங்கையும் சேறு தள்ளினார்கள்.

"நல்ல வேளைக்கா, அங்க தோண்டி வுட்டாங்களாம். இல்லாட்டி பழையபடி ஆயிருக்கும்" என்றாள் சீதா.

"ம்" என்றாள் சுந்தரவல்லி.

அப்போது ஷண்முகப்ரியா கூப்பிட்டாள். முட்டுக்காட்டுப் பக்கம் நாற்பது ஐம்பது உப்புக்கொத்திகளைப் பார்த்ததாக யாரோ சொன்னார்களாம்.

"நம்ம கூட்டம்தானாம்மா?"

"தெரியலக்கா. தெரிஞ்சுக்க வழியில்ல."

"மீதி?"

 ஷண்முகப்ரியா, நாளைக்கு வந்துவிடுங்கள், பங்குனி வரைக்கும் உங்களுக்கு வேலை இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"போவியாக்கா?" என்று கேட்டாள் சீதா. "அங்க இன்னா கீது இனிமே?"

சுந்தரவல்லி துடைப்பத்தை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் இருந்த சேற்றை வாசல் பக்கமாகத் தள்ள ஆரம்பித்தாள்.