வரமாட்டேன் என்று சொன்னவன்

மோப்தி ஆற்றுத் துறைமுகத்தில் லசினாவைத் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருடம் அந்தப் படித்துறையில் படகு ஓட்டியவன். வாய் ஓயாதவன். அப்பேர்ப்பட்டவன் இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து, தலைத்துணியை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு, மீன் சந்தையின் பின்பக்கமாகத் திருடன் மாதிரி நுழைந்தான். புழுதிக் காற்றுக்காக மூடியிருக்கிறான் என்று யாராவது நினைத்திருக்கலாம். புழுதியும் இல்லை, ஒன்றும் இல்லை. முகத்தைக் காட்ட வெட்கம்.

செகூவிலிருந்து இரண்டு நாள் பஸ் பயணம். பட்டாளத்து வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்திருந்தான். வழி நெடுக ஒரு பொட்டலம் கோலாக் கொட்டையை மடியிலேயே வைத்திருந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாதல்லவா?

அவன் அக்கா கும்பா புகைபோட்ட மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். துணி மூடினாலும் தம்பியின் நடை அவளுக்குத் தெரியாதா?

"யாருடா அது, கல்யாணப் பொண்ணு மாதிரி முக்காடு போட்டுக்கிட்டு?"

"சத்தம் போடாதே அக்கா."

"ஏன் போடக் கூடாது? ஆத்துல வெள்ளம் ரெண்டு தடவை வந்து ரெண்டு தடவை வடிஞ்சிடுச்சு. இங்க ஒருத்தி கருவாட்டோட கருவாடாக் காயறாளேன்னு ஒரு நாளாவது நெனச்சியா?"

"அதிமேயைப் பார்க்க வந்தேன்."

கும்பாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். "போய்ப் பாரு. செவாரே ரோட்டுல, அகதி முகாம்ல இருக்கான். மூணு பிள்ளைங்களையும் ஒத்தையா வச்சுக்கிட்டு அல்லாடறான், பாவம். அன்னைக்கு மட்டும் உன் போன் கிடைச்சிருந்தா அவன் பொண்டாட்டி யாசா செத்திருக்க மாட்டா. சரி, டவர் விழுந்து கிடந்தா நீ என்னடா பண்ணுவே?"

"டவர் விழுந்துச்சுன்னு யார் சொன்னா?"

"அதிமேதான். துறைமுகம் பூரா அவன்தானே சொன்னான்? லசினாவுக்கு எத்தனையோ தடவை அடிச்சேன், கிடைக்கவே இல்லைன்னான்."

லசினாவுக்குக் கன்னத்தில் அறை வாங்கியது போல் இருந்தது. போன் கிடைத்தது. நன்றாகவே கிடைத்தது. அதிமே மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

லசினா போசோக்காரன், ஆற்று மனிதன். அதிமே தோகோன்காரன், மலைமேட்டில் வெங்காயம் போட்டுப் படகேற்ற மோப்திக்கு வருகிறவன். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து கேலி உறவு. பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்த மாட்டார்கள். கேட்டதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கண்டால் திட்ட வேண்டும், நான் எஜமான், நீ அடிமை என்று மிரட்ட வேண்டும். வயசு, பதவி ஒன்றும் கிடையாது. அறுபது வயசுக்காரரைப் பார்த்து ஆறு வயசுப் பொடிசு "ஏ மீன் நாத்தம்!" என்று கத்தலாம், அவர் சிரித்தே ஆக வேண்டும். திட்டாமல் மரியாதையாகப் பேசினால்தான் உறவு அறுந்தது என்று அர்த்தம்.

அதிலும் லசினாவும் அதிமேயும் பேசிக்கொள்வதைக் கேட்கப் படித்துறையில் கூட்டமே நிற்கும்.

"டேய் மீன் நாத்தம், நாளைக்கு என் மூட்டையெல்லாம் ஏத்தணும், படகைக் கொண்டா."

"வரமாட்டேன் போடா, வெங்காயம் தின்னி. தலையில தூக்கிட்டு நடந்து போ."

மறுநாள் விடியும்போது லசினாவின் படகு முதல் ஆளாக நிற்கும். பழகிய பதினைந்து வருடமும் இதே கதைதான். அதிமே யாசாவைக் கல்யாணம் பண்ணி அழைத்து வந்தபோதும் லசினா "உன் பொண்டாட்டிய ஏத்தினா என் படகு அழுதுடும், வரமாட்டேன்" என்றுதான் சொன்னான். பாய் விரித்து, பந்தல் கட்டி, படகை ஜோடித்துக்கொண்டு போய் நின்றான். லசினா வரமாட்டேன் என்று சொன்னால் வந்துவிட்டான் என்று அர்த்தம். யாசாவே அப்படிச் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வெள்ளக் காலத்தில், துப்பாக்கிக்காரர்கள் அதிமேயின் ஊரை எரித்தார்கள். தப்பித்தவர்கள் ஆற்றோரம் ஒரு சின்ன இறங்குதுறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து மோப்திக்குப் படகில் அரை நாள். சாயங்காலம் லசினாவின் போன் அடித்தது.

"டேய் மீன் நாத்தம். உன் எஜமான் துறையில காத்துக்கிட்டு நிக்கறேன். படகைக் கொண்டா." பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "யாசாவுக்கு மாசம் நெறஞ்சிருக்குடா" என்றான்.

அந்தக் குரல் நடுங்கியது. லசினாவுக்குக் கேட்டது. கேட்காமல் என்ன? ஆனால் அந்த வாரம்தான் அதே தண்ணீரில் துப்பாக்கிக்காரர்கள் இரண்டு படகுகளைப் பிடித்திருந்தார்கள். ஒரு படகோட்டி திரும்பி வரவே இல்லை. லசினா பயந்துவிட்டான். பயப்பட்டவனை யார் என்ன சொல்ல முடியும்? பயமாக இருக்கிறது அதிமே, என்னால் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அந்த வீராதி வீரனுக்கு மானம் போய்விடுமாம்! ஹஹ்ஹா என்று ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"வரமாட்டேன் போடா, வெங்காயம் தின்னி. மலையில குதிச்ச காலுதானே, நடந்து வா."

சொல்லிவிட்டுப் போனை அணைத்தான். கேலிதானே பண்ணினோம், அவனும் கேலிதானே பண்ணினான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அந்த வாரமே படகைக் கிளப்பிக்கொண்டு செகூ பக்கம் போய்விட்டான். மூன்று மாதம் கழித்துக் கும்பா அவன் புது நம்பரைத் தேடிப் பிடித்துப் போன் பண்ணி, யாசா அந்தத் துறையிலேயே பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை என்றாள்.

அதற்குப் பிறகு அவனுக்குத் திட்ட வரவில்லை. செகூ சந்தையில் முன்பின் தெரியாத ஒரு தோகோன்காரி, "ஏ மீன் நாத்தம், எட்டி நில்லு, என் வெங்காயம் கெட்டுடும்" என்று கூப்பிட்டுச் சிரித்தாள். லசினா தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தான். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு முடிவு பண்ணினான். நேரில் போய் அதிமே காலில் விழ வேண்டும். அவன் அடிக்கட்டும், துப்பட்டும், வாய் நிறையத் திட்டட்டும். திட்டிவிட்டால் போதும்.

முகாமில் தார்ப்பாய் கூடாரங்கள் வரிசையாக நின்றன. அதிமேயின் கூடாரத்தைக் கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. வாசலில் பாய் அகலத்துக்கு வெங்காயப் பாத்தி. அதிமே குந்தி உட்கார்ந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

லசினா பாத்திக்கு முன்னால் போய் நின்றான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னான். "டேய் வெங்காயம் தின்னி. இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

அதிமே நிமிர்ந்தான். கையிலிருந்த மண்ணைத் தட்டினான். எழுந்து நின்றான்.

"வாங்க. பிரயாணமெல்லாம் சுகமா? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா? பிள்ளைங்க சுகமா? அக்கா சுகமா?"

போச்சு. திட்டு இல்லை, மரியாதை. அதிமே உள்ளே போய், இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து துடைத்துப் போட்டான். தான் தரையில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு கையாலும் தண்ணீர்க் கிண்ணத்தை நீட்டினான். அரசாங்க அதிகாரிக்குக் கொடுக்கிற மாதிரி!

"அதிமே, திட்டுடா."

"எதுக்குங்க திட்டணும்? விருந்தாளியா வந்திருக்கீங்க."

லசினா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் மண்டியிட்டான். கோலாப் பொட்டலத்தை அவன் முன்னால் வைத்தான். "போன் கிடைக்கலைன்னு ஏன்டா எல்லார்கிட்டயும் சொன்னே? கிடைச்சுதே. நான் வரமாட்டேன்னு சொன்னேனே."

அதிமே பொட்டலத்தைத் தொடவில்லை. வெங்காயப் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். பேசினபோது அந்த 'வாங்க போங்க' எல்லாம் உதிர்ந்துவிட்டது.

"சொன்னே. அதனாலதான் காத்திருந்தோம்."

"என்னது?"

"ஊர்க்காரங்க எல்லாம் அன்னைக்கே கெளம்பிட்டாங்க. கழுதை வண்டி ஒண்ணு இருந்துச்சு. யாசாவை அதுல ஏத்துறோம், நீயும் வாடான்னாங்க. நான்தான் வேண்டாம்னேன். லசினா வரமாட்டேன்னு சொல்லிட்டான், விடிஞ்சா படகோட நிப்பான்னு யாசாகிட்ட மட்டும் சொன்னேன். அவளும் சிரிச்சா. கழுதை வண்டி குலுங்கும், படகுல படுத்துக்கிட்டே போயிடலாம்னா."

அதிமே மறுபடியும் பாத்திப் பக்கம் குனிந்தான்.

"ரெண்டு நாள் காத்துக்கிடந்தோம். ரெண்டாம் நாள் ராத்திரி வலி கண்டுச்சு. மருத்துவச்சி கழுதை வண்டியோட போயிட்டா. நானும் மூத்தவ அன்தாவும்தான் பக்கத்துல." அதிமே ஒரு களையைப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை உதறினான். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமா யோசிக்கறேன். நான் கேலி பண்றேன்னு நெஜமாவே நெனச்சியா? இல்ல, தெரிஞ்சேதான் சொன்னியா?"

கேலி என்று நினைத்தேன் என்று சொல்லிவிடலாம். அதிமே அதைத்தான் எதிர்பார்க்கிறான் என்று கண்ணிலேயே தெரிந்தது. பாவி மனிதன், ஒரு சின்னச் சந்து விட்டு வைத்திருக்கிறான். அதில் நுழைந்து தப்பித்துவிடலாம். லசினாவுக்கு இன்னொரு முறை ஒளிந்துகொள்ள உடம்பு கூசியது.

"தெரிஞ்சேதான் சொன்னேன். பயந்துட்டேன் அதிமே. பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அதிமே மெதுவாகத் தலையாட்டினான். கோபம் வரும், வரும் என்று லசினா காத்திருந்தான். வரவில்லை.

"பயம்னு சொல்லியிருந்தா நான் கழுதை வண்டியில ஏத்தியிருப்பேன்" என்றான் அதிமே. அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு அதிமேயே பேசினான். "நீ என்கிட்ட மன்னிப்புக் கேக்காதே. என்னால ஆகாது. நான் உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். தோகோன்காரன் கேட்டா போசோக்காரன் மறுக்கக் கூடாது."

"உயிரைக் கேளு."

"அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? போன் கிடைக்கலைன்னுதான் பிள்ளைங்களுக்கும் சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு. துப்பாக்கி வச்சிருக்கறவன் எவனையும் நம்பக் கூடாதுன்னு அதுங்களுக்கு நல்லாத் தெரியும். ஊரும் இல்ல, அம்மாவும் இல்ல. ஆபத்துன்னா ஆத்துப் பக்கம் ஓடலாம், அங்க நமக்கு ஆள் இருக்குன்னு அந்த ஒண்ணையாவது நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்."

லசினா எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கூடாரத்தின் பக்கவாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்பா! என்ன இங்க ஒரே மீன் நாத்தமா அடிக்குது?"

அன்தா. தலையில் தண்ணீர்க் குடம். பின்னால் இரண்டு பொடிசுகள். பன்னிரண்டு வயசுக்கு நன்றாக வளர்ந்திருந்தாள். யாசாவின் நெற்றி, யாசாவின் பல்வரிசை. குடத்தை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"மண்டி போட்டுக்கிட்டு இருக்கியே, இப்பவாவது உன் எஜமானைத் தெரிஞ்சுதா? எங்க போய்த் தொலைஞ்சே இவ்வளவு நாளா? மீன் உன்னைப் பிடிச்சு வறுத்துத் தின்னுடுச்சுன்னு நெனச்சோம்!"

பொடிசுகள் கெக்கெக்கே என்று சிரித்தன. இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்த திட்டு, வாய் நிறையக் கிடைத்துவிட்டது. ஒவ்வொன்றும் லசினாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அதிமே அவனைப் பார்க்கவில்லை. களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

அன்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிரிப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. "அம்மா ஆத்தையே பாத்துக்கிட்டு இருந்தா, தெரியுமா? படகு சத்தம் கேக்குதா, கேக்குதான்னு என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா. நான் கரைக்கு ஓடி ஓடிப் பாத்தேன். உன் போன் கிடைக்கலைன்னு அப்பா அப்புறம்தான் சொன்னாரு. கிடைச்சிருந்தா நீ வந்திருப்பே இல்ல?"

களை பிடுங்கிய கை நின்றது.

"வந்திருப்பேன்" என்றான் லசினா.

"எனக்குத் தெரியும். நான் இவங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன்." தம்பி தங்கையைக் காட்டினாள். "உன் நம்பர் மாறிடுச்சா?"

"மாறிடுச்சு."

"சொல்லு. அப்பா போனை நம்ப முடியாது. நாங்களே மனப்பாடம் பண்ணிக்கறோம்."

லசினா அதிமேயைப் பார்த்தான். அதிமே கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். லசினா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். பிள்ளைகள் மூன்று பேரும் சேர்ந்து பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி உரக்கச் சொன்னார்கள். சின்னது ஐந்தாவது எண்ணைத் தப்பாகச் சொல்லியது. அன்தா அதன் தலையில் ஒரு குட்டு வைத்து, "மறுபடியும் சொல்லு மீன் நாத்தம், இவளுக்கும் சரியா வரணும்" என்றாள். லசினா மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.