பக்கத்தில் ஒரு சின்ன ஃபைல்

சிவப்ரியாவின் வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். தாடை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பேச முடியாது, மெல்ல முடியாது. பல்லிடுக்கில் ஸ்ட்ரா வைத்துக் கஞ்சித் தண்ணீரை உறிஞ்சத்தான் முடியும். கோவில்பத்திலிருந்து அம்மா சொர்ணாம்பாளோடு ஆட்டோவில் வந்து இறங்கியவள், என் செல்போன் சர்வீஸ் கடையில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு நோட்டை விரித்து எழுதிக் காட்டினாள்: "ஜோஸ்பின் அக்கா, அவன் அனுப்பின மெசேஜ் எல்லாம் அழிஞ்சு போச்சு. எடுத்துத் தாங்க. நாலு மணிக்கு ஸ்டேஷன்ல விசாரணை."

அவன் என்றால் புருஷன், கார்த்திகேசன். வெள்ளிக்கிழமை ஹெல்மெட்டால் முகத்தில் அடித்திருக்கிறான். ஒரு தடவை அல்ல. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று ஆஸ்பத்திரியில் அவனே சொல்ல, இவளும் வாய் நிறைய ரத்தத்தோடு ஆமாம் என்று தலையாட்டியிருக்கிறாள். இப்போது ஸ்டேஷனுக்குப் புகார் போனதும் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சமாதானக் கடிதம் எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். கையில் ஆதாரம் இல்லையென்றால் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு அதே வீட்டுக்குத்தான் இவள் திரும்பிப் போக வேண்டும். மணி அப்போது இரண்டரை.

"எப்படிம்மா அழிஞ்சுது?" என்று கேட்டேன்.

"அதுவாத்தான் போயிருக்கும். பழைய போனு பாருங்க" என்றார் சொர்ணாம்பாள்.

போன் அதுவாக அழிக்குமா? அந்த நாசமாய்ப் போனவன்தான் கை வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பழைய போன் என்பதில் ஒரு சௌகரியம், உள்ளே நுழைய எனக்கு வழி தெரியும். மெசேஜ் எல்லாம் ஒரே ஒரு பெரிய ஃபைலில்தான் கிடக்கும். பக்கத்திலேயே அதே பெயரில் வால் நீட்டிக்கொண்டு ஒரு சின்ன ஃபைல் இருக்கும். நாம் புதிதாக எதைச் செய்தாலும், எழுதினாலும் சரி, அழித்தாலும் சரி, முதலில் அந்தச் சின்னதில்தான் பதியும். பெரியதில் சேர்ப்பது பிறகு, போனுக்கு நேரம் ஒழிந்தபோது. அதனால் அழித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தால் பெரியதில் பழையபடி எல்லாம் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அவசரப்பட்டு இரண்டையும் ஒன்றாக வைத்துத் திறந்தோமோ, தொலைந்தது. திறந்து மூடுவதற்குள் சின்னது பெரியதில் கலந்துவிடும்.

இதை நான் சும்மா கற்றுக்கொள்ளவில்லை. கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு அம்மா, கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் மெசேஜ்களைக் கைதவறி அழித்துவிட்டு ஓடி வந்தார்கள். நான் பெரிய கெட்டிக்காரி மாதிரி நகல்கூட எடுக்காமல் நேராகத் திறந்தேன். என் கண் முன்னாலேயே எல்லாம் போயிற்று. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. அன்றிலிருந்து மூன்று நகல் எடுக்காமல் எதையும் தொடுவதில்லை.

லேப்டாப்பில் மூன்று நகல் எடுத்தேன். ஒன்றில் பெரிய ஃபைலை மட்டும் தனி ஃபோல்டரில் வைத்துத் திறந்தேன். வரிசையாக வந்தது. புதன்கிழமை: "உன் வாயைக் கிழிச்சாத்தான் அடங்குவே." வியாழக்கிழமை அதைவிடக் கேவலமாக. வெள்ளிக்கிழமை இரவு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து: "பாத்ரூம்ல விழுந்தேன்னு சொல்லு. மாத்திச் சொன்னே, உங்கம்மாவ வீட்டோட கொளுத்துவேன்."

மாதாவே! "கிடைச்சிருச்சும்மா, எல்லாம் இருக்கு" என்று கத்திவிட்டேன். சிவப்ரியா மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

சொர்ணாம்பாள் திரையைப் பார்க்கவில்லை. "டீ வாங்கியாரேன்" என்று எழுந்து போனார். மூன்று கப்போடு திரும்பி வந்து ஐந்து நிமிடம் இருக்காது, வாசலில் பைக் வந்து நின்றது.

"அத்தை சொன்னாங்க, இங்க இருக்கேன்னு. என்னடி பண்றே?"

கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி என் கண்ணாடி கவுண்டரில் ஓங்கிப் போட்டான். கண்ணாடி மூவர் மேலும் தெறித்தது. சிவப்ரியாவின் முடியைப் பிடித்து ஸ்டூலோடு இழுத்தான். அவள் கத்தவும் வழியில்லை. கம்பிக்குள்ளிருந்து மாடு முக்குவது போல ஒரு சத்தம். கவுண்டரில் கிடந்த அவள் போனைத் தரையில் அடித்து, செருப்புக் காலால் மிதித்தான். எனக்கு எங்கிருந்து வந்ததோ வெறி. சூடாக இருந்த சால்டரிங் அயர்னை எடுத்து, முடியைப் பிடித்திருந்த கையின் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். தோல் தீய்ந்த நாற்றம் வந்தது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

"ஏய்!" என்று அலறிக் கையை உதறியவன், ஹெல்மெட்டால் என் தோளில் ஒன்று போட்டான். கை மரத்துப்போனது. அதற்குள் பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து அவனை வெளியே தள்ளினார்கள்.

"போன் போச்சுல்ல? இப்போ போயி எதைடி காட்டுவே?" என்று சிரித்துவிட்டுப் பைக்கை எடுத்தான். பின்னால் மேஜையில் இருந்த லேப்டாப் அவன் கண்ணில் படவே இல்லை.

சிவப்ரியாவின் கம்பியிடுக்கில் ரத்தம் கசிந்தது. சொர்ணாம்பாள் அழுதுகொண்டே அவள் பின்னால் நின்று, தலையில் சிக்கியிருந்த கண்ணாடித் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். "பேசி முடிச்சிக்கலாம்னுதான் வரச் சொன்னேன். இப்படிப் பண்ணுவான்னு நான் கண்டேனா?"

நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் சின்ன ஃபைலின் நேரத்தைப் பார்த்தேன். கடைசியாக எழுதப்பட்டது ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு பத்து. சிவப்ரியாவும் பார்த்தாள். நோட்டை மடியில் சரித்து எனக்கு மட்டும் தெரியும்படி எழுதினாள்: "நான் அப்போ ஆபரேஷன்ல இருந்தேன். போன் அம்மாகிட்ட."

கொளுத்துவேன் என்ற வரியையும் படித்துவிட்டுத்தானே அந்த அம்மா அழித்திருப்பார்? பயமா, மகள் வாழாவெட்டியாகிவிடுவாளே என்ற கவலையா, யாருக்குத் தெரியும். ஓங்கி அறையலாம் போல இருந்தது. கண்ணாடி பொறுக்கிய விரல்களிலும் ரத்தம். கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

பென்டிரைவைச் சொருகினேன். "பெரிய ஃபைல் போதும்மா" என்றேன் மெதுவாக. "ஆனா யாரு அழிச்சாங்கன்னு கேப்பாங்க. அதுக்குச் சின்னதும் வேணும். ரெண்டையும் போடவா, ஒண்ணு போதுமா?"

அவள் மவுஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பெரியதை முதலில் இழுத்துப் போட்டாள். பச்சைப் பட்டை மெல்ல நகர்ந்து முடிந்தது. அம்புக்குறி சின்னதின் மேல் வந்து வெகுநேரம் நின்றது. பிறகு அதையும் இழுத்துப் போட்டாள். சின்னதுதானே, ஒரு நொடிகூட ஆகவில்லை.

"எல்லாம் வந்துருச்சாம்மா?" என்று பின்னாலிருந்து கேட்டார் சொர்ணாம்பாள்.

சிவப்ரியா தலையை ஆட்டினாள். முடியிலிருந்து இன்னும் கொஞ்சம் கண்ணாடி உதிர்ந்தது. "ஆடாம இருடி, கீறிடும்" என்று அம்மா அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.