ஈரப்பனி

மலையூரான பரிலோச்சேயில், ஏரியைப் பார்த்தபடி இருந்த ஓட்டலின் படிகளில், பனி உறையாமலிருக்க, அங்கே வேலை செய்யும் ஒதிலியாவும் மிர்த்தாவும் உப்பு தூவிக்கொண்டிருந்தார்கள். காற்று நின்றுபோயிருந்தது. ஏரி ஈயத்தகடுபோல அசையாமல் கிடந்தது. மேகம் மலைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு இறங்கி வந்தது.

"உலர்பனின்னா வெளக்குமாத்தால தள்ளிடலாம்," என்றாள் மிர்த்தா. "இது ஈரப்பனி. கூரையில ஏறுனா எறங்காது, என் மாமியார் மாதிரி."

ஒதிலியா சிரித்தாள். கண் மட்டும் ஊருக்கு மேலே, மேட்டுக் குடிசைகள் பக்கம் போனது. அவள் வீட்டுத் தகரக் கூரைக்கு அடியில் முட்டுக்கொடுக்க, கணவன் எலெயாசர் இரண்டு மரங்களை வெட்டி வைத்திருந்தான். ஒன்றை நட்டான். நகராட்சி கொடுக்கும் விறகு வராததால் மற்றது போன வாரம் அடுப்புக்குள் போயிற்று.

மேலாளர் வெளியே வந்தார். "மேட்டுல இருக்கறவங்க ராத்திரி இங்கயே தங்கிடுங்க. பஸ் நின்னுடும். ஓட்டல் நெறஞ்சிருக்கு. வீட்டுக்குப் போறவங்க அப்புறம் வீட்டுலயே இருந்துக்கலாம்."

ஒதிலியா கணவனுக்குப் போன் செய்தாள். "வந்துடறேன்யா. மாத்தி மாத்திக் கூரைப் பனியத் தள்ளலாம்."

"வந்து, வேலையையும் பனியில பொதைக்கவா? தங்கு. மெத்தையில படுத்துக்க."

"துணி வெளுக்கற ரூம்ல, தரையில."

"சூடா இருக்கும்ல? எனக்கும் சேத்துத் தூங்கு."

பொழுது சாயும்போது பனி இறங்கியது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வானமே பிய்ந்து உதிர்வதுபோல. வடக்கே வெப்பமான ஊர்களிலிருந்து வந்த, பனியே பார்த்திராத விருந்தினர்கள் வாசலுக்கு ஓடி வந்து உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்கள். தெருவின் சத்தமெல்லாம் எங்கோ அமிழ்ந்துபோனது. உலர்த்தும் இயந்திரங்களின் முனகலில் ஒதிலியா கண் அயர்ந்தாள். மேடு முழுவதும் கயிறு அறுந்து, வீடுகள் விளக்குகளோடு மெல்ல மேலே மிதந்து போவதாகக் கனவு வந்தது.

காலையில் எலெயாசர் போனை எடுக்கவில்லை. அவள் படுக்கைகளை விரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு சுலேமா கூப்பிட்டாள்.

"உசுருக்கு ஒண்ணுமில்லடி. கூரை நடுவுல எறங்கிடுச்சு. அவரு கால் அடியில மாட்டிக்கிச்சு, வெளிய எடுத்துட்டோம். ஆம்புலன்ஸ் ரோடு பிரியற எடம் வரைக்குந்தான் வருமாம். மேல பனி தள்ளலியாம். நாங்களே எறக்கறோம்."

ஒதிலியா மேலாளரிடம் சொல்லவில்லை. மிர்த்தா மட்டும் அவள் கையிலிருந்து விரிப்பை வாங்கிக்கொண்டு, "போ," என்றாள்.

முழங்கால் புதையும் பனியில் அவள் ஏறினாள். வெண்மைக்குள்ளிருந்து ஆட்கள் சத்தமின்றி உருவாகி வந்தார்கள். வளைந்த கூரைத் தகரம் ஒன்றில் எலெயாசரைக் கம்பளியால் சுற்றிக் கிடத்தி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது.

"தூங்குனியா?" என்றான்.

"ம்."

சாலை பிரியும் இடத்தில் நின்றார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. கீழிருந்து மஞ்சள் விளக்கு சுழலப் பனி தள்ளும் வண்டி வந்தது. சுலேமா இரண்டு கைகளையும் தூக்கினாள். வண்டி அவர்களைக் கடந்து பனிச்சறுக்கு மலைக்குப் போகும் சாலையில் திரும்பி, அதைத் துடைத்தெடுத்துக்கொண்டே போனது. பின்னால் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக ஊர்ந்தன.

ஒரு பேருந்தின் ஜன்னல்களில் குழந்தைகள் முகத்தைப் பதித்திருந்தார்கள். தகரத்தையும் கயிற்றையும் படுத்திருந்தவனையும் பார்த்ததும் சறுக்கி விளையாடுகிறார்கள் என்று நினைத்து, சிரித்தபடி கையசைத்தார்கள்.

எலெயாசர் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மெதுவாக விடுவித்து, பதிலுக்கு அசைத்தான்.