சிவப்பு நூல் கட்டிய தக்காளி

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சிவப்பு நூல் கட்டிய தக்காளியை யாரும் தொடக் கூடாது. பழுத்துக் கனிந்து தோல் சுருங்கினாலும் தொடக் கூடாது. அது விதைக்கான பழம். செடியில் முதலில் வருவதில் எது நன்றாகத் திரண்டிருக்கிறதோ அதைத்தான் விதைக்கு விடவேண்டும். நல்லதையெல்லாம் தின்று தீர்த்துவிட்டுக் கடைசியில் மிஞ்சிய சொத்தையில் விதை எடுப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொத்தையில் எடுத்தால் அடுத்த வருஷம் சொத்தைதானே காய்க்கும்?

நான் தையல்காரி. கடையில் பேண்டுக்கு இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, பள்ளிச் சீருடை தைப்பது என் வேலை. நூலுக்குப் பஞ்சமில்லை. வாய்க்கும் பஞ்சமில்லை என்பார் என் வீட்டுக்காரர். அதுவும் சரிதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு துணி ஆலையில் இருந்தேன். கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். "அவசரத்துக்கு வேற சீட்டு இருக்கா சார்?" என்று கேட்டேன். மறுநாளிலிருந்து வேலை இல்லை.

அந்த மாதம்தான் இந்தக் குடியிருப்பின் ஐந்தாவது மாடிக்குக் குடிவந்தோம். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டி வழிகிற குழாய்க்குக் கீழே, சிமெண்டு வெடிப்பில் ஒரு தக்காளிச் செடி நின்றது. யாரும் நடவில்லை, யாரும் தண்ணீர் விடவில்லை, யாரிடமும் அது சீட்டு வாங்கவில்லை. இரண்டு காய் வேறு! அங்கேயே ஈரத்துணி வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து அழுதேன். இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அந்தச் செடியின் விதைதான் ஏழு வருஷமாக என்னிடம் இருக்கிறது. கடையில் வாங்கும் பழத்தின் விதையைப் போட்டால் தாய் ஒரு மாதிரி, பிள்ளை ஒரு மாதிரி வரும். இது அப்படியில்லை. ஏழு தலைமுறையாக அச்சு அசலாக அதே பழம். தட்டையாக, காம்பைச் சுற்றிச் சுருக்குப் பையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். புளிப்பு நாக்கைச் சுண்டும். போன வருஷம் மட்டும் நான் ஒரு தப்பு செய்தேன். விதை முழுதாகக் காயுமுன்னே டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பூஞ்சை பிடித்துவிட்டது. தப்பியதை எல்லாம் விதைத்ததில் நாலே நாலு செடி. அந்த நாலில் ஒன்றில்தான் இந்த வருஷத்துச் சிவப்பு நூல். அது போனால் எல்லாம் போச்சு.

அந்த நேரம் பார்த்துத்தான் சுற்றறிக்கை ஒட்டப்பட்டது.

எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு நாங்கள் வைத்த பெயரே 'சுற்றறிக்கை' என்பதுதான். மனிதர் தும்மினாலும் ஒரு அறிவிப்பு ஒட்டுவார். லிஃப்டுக்குள் எச்சரிக்கை, படிக்கட்டில் வேண்டுகோள், குப்பைத் தொட்டிமேல் கண்டனம். இந்த முறை கெட்டிக் காகிதத்தில், பெரிய எழுத்தில், லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில்: "மொட்டை மாடியில் செடி, தொட்டி, மண் வைக்கத் தடை. வரும் ஞாயிறு மாலைக்குள் அகற்றவும். தவறினால் அகற்றப்படும்." கீழே ஒரு முழ நீளத்துக்குக் கையெழுத்து.

அவர் வீட்டு வாசலிலேயே போய் நின்றேன்.

"பத்து நாள் குடுங்க சார். ஒரே ஒரு பழம் செவக்கணும். அப்புறம் நானே எடுத்துடறேன்."

"மாடிக்குப் புதுசா பூச்சு அடிக்கப் போறோம்மா. ரூல்னா ரூல்தான்."

"பத்து நாள்தானே சார்?"

"ஒத்தைத் தக்காளிக்கா இவ்வளவு பேச்சு? கடையில கூடை கூடையாக் கெடக்கே!"

"ஆளுங்ககூடத்தான் தெருவுல கூட்டம் கூட்டமாப் போறாங்க. அதுக்காக வீட்டுல இருக்கறவங்களைத் தூக்கிப் போட்டுடுவோமா?"

அவர் கதவைச் சாத்தினார். என் வாய் எனக்கு எப்போது நல்லது செய்திருக்கிறது!

வேறு வழியில்லை, ஞாயிறு லீவில் தொட்டிகளை வீட்டுக்கு இறக்கிவிடலாம் என்றிருந்தேன். ஞாயிறு என்று போட்டிருந்ததே தவிர, ஆட்கள் சனிக்கிழமையே வந்துவிட்டார்கள். சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினால், கட்டடத்துக்குப் பின்னால் இடிபாட்டுக் குவியலில் என் தொட்டிகள் நாலும் உடைந்து கிடக்கின்றன. பக்கத்தில் என் வீட்டுக்காரர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், முட்டிவலி. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"நீங்க வீட்டுலதானே இருந்தீங்க? பாத்தீங்களா?"

"பாத்தேன். கேட்டேன். செயலாளர் சொல்லிட்டார்னாங்க."

"அதுக்கு?"

"வந்துட்டேன்."

"வாயில என்ன, பூட்டா?" என்று கத்தினேன். "முப்பது வருஷம் பஸ் ஓட்டுனீங்களே, ஹாரன் அடிக்கக்கூடவா தெரியாது?"

நான் குவியலில் இறங்கி இரண்டு கையாலும் தோண்டினேன். மண், ஓட்டுச்சில்லு, நசுங்கிய இலை. கை கீறி ரத்தம் வந்தது. இலைக்கு அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நூல். இழுத்தேன், கூடவே காயும் வந்தது. பச்சை. ஆனால் அடிப்பக்கம் மட்டும் மஞ்சள் பாய்ந்து லேசாகச் சிவந்திருந்தது. அந்த நிறம் திரும்பிவிட்டால் போதும், செடியை விட்டுப் பிரிந்தாலும் பழுத்துவிடும். காயை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஐந்து மாடியும் படியிலேயே ஏறினேன். லிஃப்டுக்காக நின்று செயலாளர் எழுத்தைப் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அலமாரியில் இருந்தபடியே பழுத்துவிட்டது. குறுக்காக வெட்டி, கொழகொழப்போடு விதையை வழித்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். மூன்று நாள் புளிக்க வேண்டும். விதையைச் சுற்றியிருக்கும் அந்த வழவழப்பு அழுகிக் கழன்றால்தான் விதை சுத்தமாகும். மேலே வெள்ளையாக ஆடை படியும். நாற்றம் குடலைப் புரட்டும். வீட்டுக்காரர் மூன்று நாளும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்குள் வந்தார், ஆனால் ஒரு வார்த்தை முனகவில்லை.

திங்கட்கிழமை அலச வேண்டிய நாள். எனக்கோ சீருடை ஆர்டர், கடைக்குப் போகாமல் முடியாது. அவரிடம்தான் ஒப்படைத்தேன்.

"மேல மெதக்கறது சொத்தை, கொட்டிடுங்க. அடியில தங்கறதுதான் வெதை. நாலு தண்ணி மாத்தி அலசுங்க. பரப்பி நெழல்ல வைங்க. வெயில்ல வெக்காதீங்க. புரிஞ்சுதா?"

"பஸ்ஸே ஓட்டியிருக்கேன். இதுல என்ன இருக்கு?"

காகிதத்தில் பரப்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதை ஒருவருக்குச் சொல்ல வேண்டுமென்றே எனக்குத் தோன்றவில்லை. ஈர விதை காகிதத்தில் காய்ந்தால் பசை போட்டது மாதிரி பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் தோல் கிழியும். எவர்சில்வர் தட்டில்தான் பரப்ப வேண்டும்.

சாயங்காலம் வந்தால் மேஜைமேல் ஒரு காகிதம், அதன்மேல் என் விதைகள். டிப்போவில் பஸ்களை நிறுத்துவது போல வரிசை வரிசையாக, ஒன்றுக்கொன்று இடித்துக்கொள்ளாமல். பக்கத்தில் அவர் பெருமையாக உட்கார்ந்திருக்கிறார்.

"அறுபத்து மூணு. எண்ணிட்டேன்."

ஒரு விதையை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. இன்னொன்றை நெம்பினேன். காகிதத்தின் தோலோடு வந்தது.

"அய்யோ! கெடுத்துட்டீங்களே! தட்டு இல்லையா வீட்டுல? கண்ணு இல்லையா உங்களுக்கு? காகிதத்துல யாராவது..." அப்போதுதான் விதைகளுக்கு நடுவே எழுத்து தெரிந்தது. *தடை. ஞாயிறு மாலைக்குள். அகற்றப்படும்.* கீழே அந்த முழ நீளக் கையெழுத்து. "இது எப்படி இங்க வந்துச்சு?"

"கெட்டிக் காகிதமா இருந்துச்சு. தண்ணியை நல்லா உறிஞ்சும்னு நெனச்சேன்."

"சுவத்துல இருந்து கிழிச்சீங்களா? நீங்களா?"

"கிழிக்கல. பசையை நனைச்சுப் பதமா உரிச்சேன்." முட்டியைத் தடவிக்கொண்டார். "அன்னிக்கு வாயைத் தெறக்காம வந்துட்டேன்ல. ஒன்பது நாளா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது. அதான்."

இந்த மனிதர் சிவப்பு விளக்கில் ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லாவிட்டாலும் நிற்பவர். வரிசையில் முந்துபவர்களுக்கு வழிவிடுபவர். எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவர் சட்டையில் அந்தப் புளித்த நாற்றம் அடித்தது.

லிஃப்டுக்குப் பக்கத்தில் கேமரா இருப்பதை நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். மறுநாள் காலையிலேயே செயலாளர் கதவைத் தட்டினார்.

"சங்கத்தோட அறிவிப்பை எடுத்திருக்கீங்க. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாலயும் திருப்பிக் குடுத்து, தப்புன்னு சொல்லணும்."

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். "கண்டிப்பா கொண்டாந்து குடுக்கறோம் சார்."

கூட்டம் வண்டி நிறுத்துமிடத்தில், காலை பத்து மணிக்கு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களோடு சேர்த்துப் பதினாலு வீட்டு ஆட்கள். செயலாளர் தொண்டையைச் செருமி, "முதல்ல அந்த அறிவிப்பு" என்றார். நான் பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினேன்.

"என்னம்மா இது, சொறி புடிச்ச மாதிரி?"

"வெதை சார். நீங்க தூக்கிப் போட்டீங்களே, அந்தச் செடியோடது."

யாரோ சிரித்தார்கள். நான் சத்தமாக வாசித்தேன். "'மொட்டை மாடியில் செடி, தொட்டி, மண் வைக்கத் தடை.' மொட்டை மாடின்னுதான் போட்டிருக்கீங்க. பால்கனின்னு போடல. ஞாயித்துக்கெழமைன்னு போட்டுட்டு சனிக்கெழமை எடுத்தீங்க. தப்புன்னு சொல்லணும்னா யார் சொல்லணும்?"

"அதெல்லாம் வேற விஷயம். காகிதத்தைக் குடும்மா."

"குடுக்கத்தான் வந்தேன் சார். எல்லாருக்கும்."

பையிலிருந்து துணி வெட்டும் கத்தரியை எடுத்தேன். என் மனதில் ஒரே கணக்குதான். ஒரே வீட்டில் இருந்ததால்தானே ஒரு சனிக்கிழமையில் எல்லாம் போகப் பார்த்தது? வீட்டுக்காரரிடம், "இழுத்துப் பிடிங்க" என்றேன். அவர் எழுந்து வந்து காகிதத்தின் இரண்டு முனையையும் பிடித்தார்.

"இது சங்கத்து உடைமை!" என்றார் செயலாளர்.

"சங்கத்துக்குத்தான் சார் பங்கு வெக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன்.

இரண்டாம் மாடி நர்ஸ் எழுந்து வந்தாள். ஒவ்வொரு வருஷமும் என் பழம் தின்றவள். "எனக்குக் குடுங்க அக்கா" என்றாள். அப்புறம் லாரி ஓட்டுபவர் வந்தார். அப்புறம் என்னோடு இரண்டு வருஷமாகப் பேசாத எதிர் வீட்டுக்காரி வந்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினாள். ஒவ்வொரு துண்டோடும் ஒரு சாண் சிவப்பு நூலும் கொடுத்தேன்.

"காகிதத்தோடவே மண்ணுல மூடிடுங்க, அது மக்கிடும். முதல்ல வர்ற நல்ல பழத்துல இந்த நூலைக் கட்டுங்க. உயிரே போனாலும் அதைத் திங்கக் கூடாது."

பதிமூன்று வீட்டுக்கும் கொடுத்து முடித்தபோது கையெழுத்து இருந்த துண்டுதான் மிச்சம். அதில் மூன்று விதை. அதை நான் வைத்துக்கொண்டேன். எட்டாம் நாள், என் பால்கனியில், ஒரு பழைய வாளியில், அந்த முழ நீளக் கையெழுத்தைக் கிழித்துக்கொண்டு இரண்டு முளை வந்தது.

ஒரு மாதத்தில் தெருவிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் பால்கனிக்குப் பால்கனி பச்சை. பெயிண்ட் டப்பாவில், உடைந்த ஹெல்மெட்டில், பால் பாக்கெட்டில். அந்த வாரமே லிஃப்டுக்குப் பக்கத்தில் புதுச் சுற்றறிக்கை: "பால்கனிகளிலும் செடி வைக்கத் தடை." பசை நன்றாகக் காய்ந்து இறுகியிருந்தது.

வீட்டுக்காரர் பக்கத்தில் போனார். கேமராவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். காகிதத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தடவினார்.

"இதுவும் கெட்டிக் காகிதம்தான்" என்றார். "அடுத்த வருஷத்துக்கு ஆகும்."

நான் மேலே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தேன்.