படத்தில் வராத பாதி

இணையத்தில் விலைக்கு வருகிற வீடுகள் எல்லாமே அழகுதான். குளியலறைகூடக் கலியாண மண்டபம் மாதிரித் தெரியும். 'ரவுணிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று நகரம் பக்கத்திலேயே இருப்பதுபோலப் போடுவார்கள். எந்த வாகனத்தில் என்று மட்டும் போடமாட்டார்கள். மாதக்கணக்காகக் கைபேசியும் கையுமாகத் திரிந்த ஜெசிதாவுக்கு இந்தப் புளுகெல்லாம் அத்துப்படி. அவள் படங்களைத் தள்ளித் தள்ளிக் கிணறு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். குருநகரில் அவளும் கணவன் றஜிந்தனும் இருந்த வாடகை வீட்டுக் கிணறு உப்புக் கரிக்கும் சவர். சோறு காய்ச்சக்கூட வெளியிலிருந்து தண்ணீர் வரவேண்டும். சொந்த வீடும் நல்ல தண்ணீரும் அவளுக்கு ஒரே ஆசையாகிவிட்டன.

ஆனால் அழைத்தால் விற்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்.

"பிள்ளையளுக்குச் சொந்த இடம் எது?"

குருநகர் என்பாள். மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிற சாதி என்று அந்தப் பக்கத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். "ஐயோ, நேற்றுத்தானே குடுத்தது" என்று பதில் வரும். நேற்றுக் கொடுத்த வீடு அடுத்த மாதமும் அதே படத்தோடு விற்பனைக்கு நிற்கும். நறுக்கென்று ஏதாவது கேட்க ஜெசிதாவுக்கு வாய் துறுதுறுக்கும். கேட்டுத்தான் என்ன?

"உவையள் எங்களுக்குத் தரமாட்டினம். விட்டுத்தள்ளு," என்பான் றஜிந்தன்.

அதனால்தான் நீர்வேலியில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்க அழைத்தபோது பொய் சொன்னாள். கனடாவிலிருந்து பேசிய வீட்டுக்காரர் ஜெயதீபன் வழக்கமான கேள்வியைக் கேட்டதும், "ரவுண்தான் அண்ணை, ஆசுப்பத்திரிக்குக் கிட்ட," என்றாள். பக்கத்து வளவில் தன் அக்கா கமலாவதி இருக்கிறார், வீட்டைத் திறந்து பார்க்கத் திறப்பை அவரிடம் வாங்கலாம் என்றார் அவர். கைபேசியை வைத்தபோது ஜெசிதாவுக்குத் தன்னையே பிடிக்கவில்லை.

ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்த கையோடு இருவரும் மோட்டார்சைக்கிளில் போனார்கள். கமலாவதி திறப்பைக் கொடுத்துவிட்டுத் தன் வளவுக்குள் போய்விட்டார். வீடு பரவாயில்லை. பின்பக்கம் போன ஜெசிதா அப்படியே நின்றுவிட்டாள். படத்தில் முழுசாகத் தெரிந்த கிணற்றில் பாதிதான் இந்த வளவில் இருந்தது. எல்லை மதில் கிணற்றுக் கட்டில் வந்து முட்டி, அந்தப் பக்கத்தில் மறுபடி தொடங்கிப் போனது. பங்குக் கிணறு. மதில் தெரியாதபடி சரித்துப் பிடித்து எடுத்த படத்தைத்தான் கனடாத் தம்பியார் இணையத்தில் போட்டிருக்கிறார். மறுபாதிக்கு உரிய கமலாவதி எதிரே வாளியோடு நின்றார்.

"வா, போவம்," என்று மெல்லச் சொன்னான் றஜிந்தன்.

ஒரே கிணற்றில் வாளி விடப்போகிறவரிடம் எத்தனை நாள் ஒளிக்கலாம்? ஜெசிதா கட்டுக்குக் கிட்டப் போனாள்.

"அம்மா, ரவுண் எண்டு உங்கடை தம்பிக்குச் சொன்னது பொய். நாங்கள் குருநகர். இவர் கடலுக்குப் போறவர்."

கமலாவதி அவளை மேலும் கீழும் பார்த்தார். வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுத்தார். கப்பி கிறீச்சிட்டது.

வாளி மேலே வந்ததும் ஜெசிதாவின் கைகள் தாமாகவே குவிந்து நீண்டன. மீன் விற்கக் கடகப் பெட்டியோடு ஊர் ஊராகப் போன அவளுடைய அம்மா அப்படித்தான் தண்ணீர் குடித்தவர். வாளியைத் தொட விடமாட்டார்கள். வீட்டுக்காரர் ஊற்ற ஊற்றக் குனிந்து நின்று ஏந்திக் குடிக்கவேண்டும். சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள் ஜெசிதா. இப்போது தன் கைகளைப் பார்க்க வெட்கமும் ஆத்திரமுமாக வந்தது. ஆனாலும் மடக்க முடியவில்லை.

"உதென்ன கை?" கமலாவதி அதட்டினார். "உங்கடை பக்கத்திலையும் கப்பி இருக்கு, வாளி கிடக்கு. அள்ளத் தெரியாதே?"

"தெரியும்."

"அப்ப அள்ளிக் குடிச்சுப் பாரும் பிள்ளை. தண்ணி பாக்காமல் ஆரும் வீடு வாங்குவினமே?" என்றவர், மூச்சு விட்டுவிட்டுத் தொடர்ந்தார். "ஒண்டு, கிணத்தடியிலை மீன் அரியக்குடாது, நான் சைவம். மற்றது, எனக்குப் பொய் சொல்லக்குடாது."

"ஓம் அம்மா."

ஜெசிதா கயிற்றைப் பிடித்து வாளியை இறக்கினாள். அதே நேரம் கமலாவதியும் தன்னுடையதை மறுபடி விட்டார். கீழே இரண்டு வாளிகளும் டங்கென்று முட்டிக்கொண்டன. ஜெசிதா பதறிப்போய்க் கயிற்றை இழுத்தாள்.

"பயப்பிடாதையும். நாளைக்கும் முட்டும்," என்றார் கமலாவதி.

ஜெசிதா வாளியை மேலே எடுத்துக் கிணற்றுக் கட்டில் வைத்தாள். மதிலுக்கு மறைவாகத் திரும்பி நின்று அழுதுவிட்டுத்தான் குடித்தாள்.